மாக்கரோனியும் குடல் நலமும்

இத்தாலி தேசத்தின் தென்பாகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளிலும் விழா நாட்களிலும் குடும்பத்தார் ஒருங்கு கூடி உண்ணும் பண்டங்களுள் ஒன்று ரொட்டியடுப்பில் சுட்டெடுத்த மாக்கரோனியாகும். அந்நாட்டார் இதனைப் பாஸ்தா அல் ஃபோர்னோ என்று வழங்குவர். 'அடுப்பிலிட்ட பாஸ்தா' என்பதே அதன் பொருள். மாக்கரோனி, சேமியா போன்ற கோதுமைப் பண்டங்கள் அனைத்திற்கும் பாஸ்தா என்பது பொதுப்பெயர். ஊருக்கு ஊர் இதன் செய்முறை வேறுபடும். சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்தார் சிறு வளைய வடிவான பாஸ்தாவைக் கொண்டு இதனைச் செய்வர். வேறிடத்தார் குழாய் வடிவானவற்றைக் கொள்வர்.

இப்பண்டம் சுவையும் பசி தீர்க்கும் வன்மையும் உடையதேயாயினும், இக்காலத்தில் பெரும்பாலும் செய்யப்படும் முறையில் ஒரு பெருங்குறை உண்டு. தவிடு நீக்கிய ரவையாலான பாஸ்தா, வெண்மாவும் பாலும் வெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய குழம்பு, இறைச்சி, பாலாடைக்கட்டி ஆகிய இவையே இதன் உறுப்புகள். இவற்றுள் குடலுக்கு வேண்டிய நார்ச்சத்து மிகவும் சொற்பம். ஒருவர் வயிறார உண்டாலும் 3 கிராம் அளவே அவருக்குக் கிட்டும். பண்டத்தின் உருவமும் சுவையும் கெடாமல் அதனை 15 கிராம் வரையில் உயர்த்துதல் கூடும். அதற்குப் புதிய மருந்தோ விலையுயர்ந்த பொருளோ வேண்டியதில்லை. அரைவையில் நீக்கப்பட்ட தவிட்டை நீக்காதிருத்தலும், பருப்பினம் ஒன்றைச் சேர்த்தலும், காய்கறிகளைத் தோலுடன் கொள்ளுதலுமே போதும்.

பாஸ்தாவுக்குரிய கோதுமை

ரொட்டிக்குரிய கோதுமை வேறு, பாஸ்தாவுக்குரிய கோதுமை வேறு. பின்னதை டியூரம் கோதுமை என்பர். இதன் மணி கடினமாயும் தேன் நிறமாயும் இருக்கும். அரைத்தால் மென்மையான மாவாகாமல் மணல் போன்ற ரவையாக உடையும். அந்த ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அச்சிலிட்டு உலர்த்தினால், கொதிநீரில் வெந்த பின்னும் உருக்குலையாது நிற்கும். இத்தாலியில் விற்கப்படும் உலர்ந்த பாஸ்தா டியூரம் கோதுமையாலேயே ஆனதாயிருத்தல் வேண்டும் என்று 1967ஆம் வருஷத்துச் சட்டமொன்று விதித்தது.

சிசிலியில் இத்தொழில் மிகப் பழமையானது. அத்தீவின் அரசனான இரண்டாம் ரோஜர் பொருட்டு அல் இத்ரீஸி என்னும் அராபிய அறிஞர் 1154இல் எழுதி முடித்த பூகோள நூலில், பலெர்மோவுக்கு அருகிலுள்ள திராபியா என்னுமிடத்தில் உலர்ந்த பாஸ்தா மிகுதியாகச் செய்யப்பட்டு வெளிநாடுகளுக்குக் கப்பலேற்றப்பட்ட செய்தி காணப்படுகிறது.

கோதுமை அபிவிருத்தியில் புகழ் பெற்ற நசரேனோ ஸ்திராம்பெல்லி என்னும் இத்தாலியர், வட ஆப்பிரிக்கக் கோதுமையொன்றினின்று தேர்ந்தெடுத்து 1915இல் வெளியிட்ட செனத்தோரே கப்பெல்லி என்னும் டியூரம் வகை, தென்னித்தாலியில் பல்லாண்டுகள் பெரும்பரப்பில் பயிரிடப்பட்டது. உயரமான தாளையுடைய அவ்வகைக்குப் பதிலாகப் பின்னர்க் குட்டையான வகைகள் வந்தன. 1974இல் வெளியான கிரேசோ அவற்றுள் ஒன்று. தமிழ்நாட்டில் சம்பா கோதுமை என்று வழங்கும் இனமும் டியூரத்தின் நெருங்கிய உறவினதே. ரொட்டிக் கோதுமையின் உயிரணுக்களில் நிறக்கோல்கள் 42 இருக்க, இவ்விரண்டிலும் 28 நிறக்கோல்களே உள்ளன.

அரைவையில் இழப்பது

கோதுமை மணியை அறுத்துப் பார்ப்பின் மூன்று பாகங்கள் தென்படும். நூறு பங்கில் ஏறக்குறைய 83 பங்கு உள்ளிருக்கும் வெண்பகுதி. 14 பங்கு மேலே போர்த்திய தவிடு. எஞ்சிய 3 பங்கு முளை. வெண்பகுதி பெரும்பாலும் மாச்சத்தும் ஓரளவு புரதமும் கொண்டது. நார்ச்சத்தில் பெரும்பங்கு தவிட்டிலேயே தங்கியிருக்கிறது. இரும்பு, துத்தநாகம் முதலிய தாதுப்பொருள்களும் 'பி' வகை உயிர்ச்சத்துகளும் தவிட்டிலும் முளையிலும் மிகுந்துள்ளன.

அரைவைச் சாலைகளில் தவிடும் முளையும் சல்லடையால் பிரிக்கப்படுகின்றன. ரவை மனிதருக்கும் தவிடு மாட்டுக்கும் போகின்றன. மாட்டுக்கு அதனால் நன்மையே. ஆனால் ரவையை மட்டும் உண்ணும் மனிதன் தன் உணவின் ஒரு முக்கிய அங்கத்தை இழந்தவனாகிறான். தவிடு நீக்கிய உலர்ந்த பாஸ்தாவில் 100 கிராமுக்குச் சுமார் 3 கிராம் நார்ச்சத்து உண்டு. முழுக்கோதுமைப் பாஸ்தாவில் சுமார் 9 கிராம் உண்டு. விலையிலும் சமைக்கும் வேலையிலும் பெரிய பேதமின்றியே இது மும்மடங்காகிறது.

நார்ச்சத்தின் தொழில்

மனிதனுடைய இரைப்பையும் சிறுகுடலும் ஜீரணிக்க இயலாத தாவரப் பகுதியே நார்ச்சத்து எனப்படும். ஜீரணமாகாத பொருளால் பயன் யாது என்று முற்காலத்தில் கருதப்பட்டது. இக்கருத்தை மாற்றியவருள் முக்கியமானவர் டெனிஸ் பர்க்கிட் என்னும் ஐரிஷ் ரண வைத்தியர். இவர் 1946 முதல் உகாண்டா தேசத்தில் பணி புரிந்தவர். ஐரோப்பியரிடம் மிகுதியாகக் காணப்பட்ட குடல் நோய்கள் பல, முழுத்தானியமும் கிழங்கும் பருப்பும் உண்ட ஆப்பிரிக்கக் கிராம மக்களிடம் அரிதாயிருந்தமையை அவர் கவனித்தார். அக்கிராம மக்களின் மலம் எடையில் மிகுந்தும் குடலில் நெடுநேரம் தங்காமலும் கழிந்ததை அவரும் அவருடைய நண்பர்களும் 1972இல் அளந்து வெளியிட்டனர். அவர் கூறிய யாவும் பின்னர் நிலைபெற்றன என்று சொல்வதற்கில்லை. ஆயினும் நார்ச்சத்தை ஒரு வீண்பொருளாக எண்ணும் வழக்கம் அவருக்குப் பின் ஒழிந்தது.

நார்ச்சத்து இருவகையில் தொழில் புரிகிறது. கோதுமைத் தவிட்டிலுள்ளது போன்ற முரட்டு நார் நீரைப் பற்றிக்கொண்டு மலத்தை மிருதுவாகவும் பருமனாகவும் ஆக்கி மலச்சிக்கலைப் போக்குகிறது. பருப்பினங்களிலும் காய்கனிகளிலும் உள்ள மென்மையான நாரோ பெருங்குடலில் வாழும் எண்ணிறந்த நுண்ணுயிர்களுக்கு இரையாகிறது. இந்நுண்ணுயிர்கள் தீங்கு செய்வன அல்ல. இவை நாரைப் புளிக்கச்செய்து சில கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன. அவற்றுள் பியூட்டிரிக் அமிலம் என்பது பெருங்குடலின் உட்சுவரிலுள்ள அணுக்களுக்கு முதன்மையான உணவாகும். தொழுவுரமின்றி வெறும் நிலத்தில் மண்ணுயிர்கள் மெலிவதுபோல், நாரில்லாத உணவில் இக்குடலுயிர்களும் மெலிகின்றன. ஆதலால் ஒருவகை நார் மட்டும் போதாது. தானியத்தின் நாரும் பருப்பின் நாரும் காய்கறியின் நாரும் கலந்திருத்தலே சிறந்தது.

இதன் பயன் மலச்சிக்கல் நீங்குதலோடு நிற்பதன்று. உலக சுகாதார ஸ்தாபனத்தின் வேண்டுகோளின் பேரில் செய்யப்பட்டு 2019இல் வெளியான ஓர் ஆராய்ச்சித் தொகுப்பில், நார்ச்சத்தை மிகுதியாக உண்போரிடம் இருதய நோய், நீரிழிவு, பெருங்குடற் புற்று ஆகியவை குறைவாகக் காணப்பட்டன. நாளொன்றுக்கு 25 முதல் 29 கிராம் வரை உண்போரிடம் இந்நன்மை தெளிவாக விளங்கிற்று.

நாளொன்றுக்கு வேண்டிய அளவு

உலக சுகாதார ஸ்தாபனம் 2023இல் வெளியிட்ட விதிகளின்படி, பத்து வயதும் அதற்கு மேலும் உடையோர் நாள்தோறும் 25 கிராமுக்குக் குறையாத நார்ச்சத்தை இயற்கை உணவிலிருந்து பெறுதல் வேண்டும். ஆறு முதல் ஒன்பது வயது வரையுள்ள சிறுவருக்கு 21 கிராமும், இரண்டு முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு 15 கிராமும் வேண்டும்.

பாஸ்தாவைத் தெரிந்து வாங்குதல்

பழுப்பு நிறமொன்றையே நம்பி வாங்குதல் கூடாது; நிறம் வேறு பொருள்களாலும் உண்டாகலாம். உறையின் மேல் அச்சிட்டுள்ள பொருட்பட்டியலில் முழு டியூரம் கோதுமை என்பது முதலாவதாக இருத்தல் வேண்டும். இத்தாலியச் சரக்காயின் 'இந்தெக்ராலே' என்னும் சொல் முழுத்தானியத்தைக் குறிக்கும். 100 கிராமில் 6 கிராமேனும் நார்ச்சத்து இருந்தாலன்றி 'நார்ச்சத்து மிகுந்தது' என்று உறையில் குறித்தலாகாது என்பது ஐரோப்பிய ஐக்கிய நாடுகளின் விதி.

முழுக்கோதுமையில் முளையின் எண்ணெய் கலந்திருப்பதால் அது நெடுநாள் வைத்திருந்தால் காறல் வாடை பெறும். ஆகவே சிறிது சிறிதாக வாங்கி, காற்றுப் புகாத பாத்திரத்தில் உஷ்ணமில்லாத இடத்தில் வைத்தல் நலம்.

வேண்டிய பொருள்கள்

ஆறு பேருக்கு வேண்டிய அளவும், ஒவ்வொன்றிலும் சுமாராக உள்ள நார்ச்சத்தும் கீழே தரப்பட்டுள்ளன.

முழுக்கோதுமைப் பாஸ்தா (குழாய் வடிவானது), 400 கிராம்: நார்ச்சத்து 36 கிராம்.
வெந்த கொண்டைக்கடலை, 300 கிராம்: 21 கிராம்.
கத்தரிக்காய், 500 கிராம்: 15 கிராம்.
தக்காளி, 800 கிராம்: 9 கிராம்.
பசலைக்கீரை, 300 கிராம்: 6 கிராம்.
வெங்காயம், 200 கிராம்: 3 கிராம்.
முழுக்கோதுமை ரொட்டித்தூள், 60 கிராம்: 4 கிராம்.

ஆக மொத்தம் 94 கிராம். ஆறாகப் பங்கிட்டால் ஒருவருக்கு 15 கிராமுக்குச் சிறிது மேற்படும். அஃதாவது, ஒரு நாளைக்கு வேண்டியதில் ஐந்தில் மூன்று பங்கு ஒரே வேளையில் கிடைத்துவிடும்.

இவற்றுடன் ஒலிவ எண்ணெய் நான்கு மேசைக்கரண்டி, பூண்டுப் பல் நான்கு, திருநீற்றுப் பச்சிலை ஒரு கைப்பிடி, ரிக்கோத்தா என்னும் மென்மையான பாலாடைக்கட்டி 200 கிராம், துருவிய கெட்டிப் பாலாடைக்கட்டி 60 கிராம், உப்பு, மிளகுத்தூள் ஆகியவை வேண்டும். கெட்டிக் கட்டியில் உப்பு மிகுதியாதலால் குழம்பில் உப்பைக் குறைத்தே இடுக.

செய்முறை

முதல் நாள் இரவு கொண்டைக்கடலையை நிறைய நீரில் ஊறவைக்க வேண்டும். மறுநாள் அந்நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் நன்றாகக் குழைய வேகவைக்க வேண்டும். வாயுவை உண்டாக்கும் சர்க்கரைப் பொருள்களில் ஒரு பகுதி ஊறிய நீரோடு போய்விடும். வெந்த கடலையில் மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அதன் வேகுநீர் சிறிது விட்டு மைபோல் மசித்து வைக்க வேண்டும். வெண்மாவும் வெண்ணெயும் சேர்ந்த குழம்பிற்குப் பதிலாகப் பாஸ்தாவை ஒன்றோடொன்று பிணைப்பது இம்மசியலேயாம்.

கத்தரிக்காயைத் தோல் சீவாமல் விரலளவு துண்டங்களாக நறுக்கி, இரண்டு கரண்டி எண்ணெய் புரட்டி, தட்டில் பரப்பி அடுப்பில் சுட்டெடுக்க வேண்டும். எண்ணெயில் பொரித்தால் கத்தரிக்காய் எண்ணெயை மிகுதியாகக் குடித்துவிடும். ஆதலின் சுடுதலே தக்கது.

மீதி எண்ணெயில் வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கி, தக்காளியைத் தோலும் விதையும் நீக்காமல் நறுக்கிச் சேர்த்து அரைமணி நேரம் கொதிக்கவிட வேண்டும். பின்னர் கீரை, மசித்த கடலை, முழுக்கடலை, சுட்ட கத்தரிக்காய் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து இறக்கலாம். குழம்பு வழக்கத்தினும் சற்றுத் தளர்வாகவே இருத்தல் வேண்டும்; முழுக்கோதுமைப் பாஸ்தா நீரை மிகுதியாக உறிஞ்சும். கெட்டியான குழம்பை இட்டால் பண்டம் வறண்டு போகும். முழுக்கோதுமை சுவையற்றது என்று பலர் குறை கூறுவதற்கு இவ்வறட்சியே பெரும்பாலும் காரணம்.

பாஸ்தாவைக் கொதிக்கும் உப்பு நீரிலிட்டு, உறையில் குறித்த நேரத்திற்கு மூன்று நிமிஷம் முன்னதாகவே வடித்துவிட வேண்டும். எஞ்சிய பக்குவம் அடுப்பில் நிறைவுறும். வடித்த நீரில் ஓர் அகப்பை எடுத்து வைத்துக்கொண்டு, குழம்பு தளர வேண்டுமாயின் அதனைச் சேர்க்கலாம்.

அகன்ற பாத்திரத்தில் எண்ணெய் தடவி, ரொட்டித்தூளில் பாதியைத் தூவ வேண்டும். குழம்பு கலந்த பாஸ்தாவில் பாதியைப் பரப்பி, ரிக்கோத்தாவை ஆங்காங்கே இட்டுத் திருநீற்றுப் பச்சிலையைத் தூவி, மீதிப் பாஸ்தாவால் மூட வேண்டும். மேலே துருவிய கட்டியும் மீதி ரொட்டித்தூளும் தூவி, 200 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணமுள்ள அடுப்பில் 25 முதல் 30 நிமிஷம் வரை வைக்க வேண்டும். மேற்புறம் பொன்னிறமானதும் வெளியிலெடுத்துப் பத்து நிமிஷம் ஆறவிட்டு அறுத்தால் துண்டங்கள் உதிராமல் வரும்.

மறுநாளைக்கு வைத்தல்

வெந்து ஆறிய பாஸ்தாவில் மாச்சத்தின் ஒரு சிறு பகுதி சிறுகுடலில் ஜீரணமாகாத வடிவம் பெறுகிறது. அதுவும் நாரைப்போலவே பெருங்குடலின் நுண்ணுயிர்களுக்கு இரையாகிறது. மீண்டும் சுடவைத்தாலும் அதில் ஓரளவு அழியாது நிற்கும். எனவே மீந்ததை மறுநாள் உண்ணுதலில் குறைவொன்றுமில்லை. ஆயினும் சமைத்த இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்ப்பெட்டியில் வைத்து, உண்ணும்போது உட்புறம் ஆவி பறக்கும் வரையில் சுடவைத்தல் அவசியம்.

கவனிக்க வேண்டியவை

இதுகாறும் நார் குறைந்த உணவையே உண்டு பழகியவர் முதல் நாளிலேயே வயிறு நிறைய இதனை உண்பராயின் வாயுவும் வயிற்றுப்பொருமலும் உண்டாகும். அதனால் மனம் சலித்துப் பழைய உணவிற்கே திரும்பியவர் பலர். இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டி வந்தால் குடலும் அதிலுள்ள நுண்ணுயிர்களும் பழகிக்கொள்ளும். முதலில் பாதி முழுக்கோதுமைப் பாஸ்தாவும் பாதி சாதாரணப் பாஸ்தாவும் கலந்து செய்வது நன்று. வேகும் நேரம் வேறாதலால் இரண்டையும் தனித்தனியே வேகவைக்க வேண்டும். நார் மிகுந்தால் நீரும் மிகுதியாகப் பருக வேண்டும். நீர் போதாவிடில் மலச்சிக்கல் அதிகப்படவும் கூடும்.

தவிட்டிலும் பருப்பிலும் உள்ள பைட்டிக் அமிலம் இரும்புச்சத்து உடலிற் சேர்வதை ஓரளவு தடுக்கும். ஆயினும் தக்காளியிலுள்ள 'சி' உயிர்ச்சத்து அதற்கு மாற்றாக நின்று இரும்பு சேர்வதற்குத் துணை செய்கிறது.

கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் பசைப்பொருள் ஒவ்வாத சீலியாக் நோயுடையோர் இப்பண்டத்தை உண்ணலாகாது. குடல் சுருங்கியிருப்போரும், அண்மையில் குடலில் ரண சிகிச்சை பெற்றோரும் வைத்தியரைக் கேட்டே நார்ச்சத்தைக் கூட்ட வேண்டும். கோதுமை, வெங்காயம், பூண்டு, கடலை ஆகியவற்றால் அடிக்கடி வயிற்றுநோவு காண்போருக்கும் இதுவே விதி. மலத்தில் இரத்தம் காணுதல், காரணமின்றி உடல் மெலிதல், மலங்கழிக்கும் வழக்கம் மாறிப் பல நாள் நீடித்தல் ஆகிய குறிகள் தோன்றினால் உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டு காலங்கடத்தாமல் உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

நிலத்திற்கும் பொருந்துவது

கோதுமையையும் பருப்பையும் ஒன்றாகச் சமைத்தல் தென்னித்தாலியக் குடியானவர்களுக்குப் புதியதன்று. பாஸ்தாவுடன் கொண்டைக்கடலையோ மொச்சை போன்ற பயறோ சேர்த்த கஞ்சி அவர்களுடைய பழைய அன்றாட உணவு. இறைச்சி வாங்க வகையற்றவரின் உணவென்று அது ஒரு காலத்தில் எளிதாக எண்ணப்பட்டது. அதே குடியானவர்கள் தங்கள் நிலத்திலும் ஒரு போகம் பருப்பினமும் மறுபோகம் டியூரம் கோதுமையும் மாற்றி விதைத்து வந்தனர். பருப்பின் வேர்முண்டுகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணிற் சேர்க்க, பின்வந்த கோதுமை அதனால் செழித்தது. வயலில் ஒன்றற்கொன்று துணையான இவ்விரு பயிர்களே உண்கலத்திலும் துணையாகின்றன. கோதுமையின் புரதத்தில் குறைவான லைசின் கடலையில் மிகுதி. கடலையில் குறைவான மெத்தியோனின் கோதுமையில் மிகுதி.

முழுக்கோதுமைக்கும் பருப்பிற்கும் உண்போரிடம் விருப்பம் பெருகுமாயின், அவற்றை விளைவிப்போருக்கும் அதனால் ஆதாயமே. விழா நாளுக்குரிய பண்டத்தை விழா நாளிலேயே விட்டுவிட வேண்டுமென்பதில்லை. மேற்கூறிய முறையில் செய்தால் வாரம் ஒருமுறையோ இருமுறையோ குழந்தைகள் முதல் முதியோர் வரை யாவரும் விரும்பி உண்பர். குடலும் தனக்குரிய பங்கைப் பெறும்.